சிறு காமிராவின் படத்தைச் சோதிப்பது எப்படி?

சட்டைப் பையில் அடங்கிவிடும் டிஜிட்டல் காமிரா ஒன்றை வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்கும் கேள்வி, பெரும்பாலும் அதில் எத்தனை மெகாபிக்சல், அதாவது எத்தனை பத்து லட்சம் புள்ளிகள், என்பதாகவே இருக்கிறது. எண்ணால் சொல்லக்கூடியதும், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடத் தக்கதும், ஒன்றோடொன்று ஒப்பிட எளியதுமாகிய அந்தத் தொகையே படத்தின் தரத்துக்கு அளவுகோல் என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றிவிட்டது. ஆயினும், படத்தில் நாம் காணும் நுட்பங்களுள் லென்ஸ் உண்மையிலேயே கண்டு பதிந்தது எவ்வளவு, காமிராவினுள் இருக்கும் கணிப்பு யந்திரம் தன் ஊகத்தால் இட்டு நிரப்பியது எவ்வளவு என்று பிரித்தறிவதே படத்தை மதிப்பிடும் கலையின் சாரமாகும். அந்த விவேகம் கைவரப் பெற்றவர், விலையுயர்ந்த பரிசோதனைக் கருவிகள் ஏதுமின்றியே, ஒரு காமிராவின் யோக்கியதையை ஒரு பகற்பொழுதில் அறிந்துகொள்ளலாம்.

ஒளியைப் பதியும் சில்லின் சரித்திரம் நெடியதன்று. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இரு விஞ்ஞானிகள் வகுத்த சி.சி.டி. என்னும் சாதனமே அதற்கு மூலம். அதற்காக அவர்கள் நாற்பது ஆண்டுகள் கழித்து, 2009-இல், பௌதிகத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். 1975-இல் கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் அத்தகைய சில்லொன்றை வைத்து முதல் டிஜிட்டல் காமிராவை அமைத்தபோது, அதன் படத்தில் இருந்தவை குறுக்கே நூறும் நெடுக்கே நூறுமாகப் பதினாயிரம் புள்ளிகளே. அந்த ஒரு படத்தைக் காஸெட் நாடாவில் பதிந்து முடிக்க 23 விநாடி பிடித்தது.

சில்லின் புள்ளிகளுக்கு ஒளியின் அளவு தெரியுமேயன்றி அதன் வர்ணம் தெரியாது. இக்குறையைப் போக்க, அதே கோடக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஏதேனும் ஒரு நிறத்து வடிகட்டியைப் பொருத்துகிறார்கள். மனிதக் கண் பச்சையை ஒட்டிய ஒளியிலேயே நுட்பத்தை மிகுதியாக உணர்வதால், புள்ளிகளில் பாதி பச்சைக்கும், மற்றப் பாதி சிவப்புக்கும் நீலத்துக்கும் சமமாகவும் ஒதுக்கப்படுகின்றன. ஆகவே, ஒவ்வொரு புள்ளியும் தனக்குரிய ஒரு நிறத்தை மட்டுமே அளந்தறிய, மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணித்துத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. படத்தின் வர்ணங்களில் மூன்றில் ஒரு பங்குதான் பிரத்தியட்சம். மற்ற இரு பங்கும் அனுமானம். எல்லா அளவுக் காமிராக்களுக்கும் பொதுவான இந்த நியதி, சில்லு சிறுத்த காமிராவில் எவ்வளவு தூரம் போய்விடுகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

பழைய 35 மில்லிமீட்டர் பிலிமின் சட்டம் 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அதன் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். மலிவான சிறு காமிராக்களில் வழக்கமாக வைக்கப்படும் சில்லோ, சுமார் 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர் என்ற அளவினதாகி, 28 சதுர மில்லிமீட்டர் விஸ்தீரணத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த முப்பதில் ஒரு பங்கு இடத்தில் இரண்டு கோடிப் புள்ளிகளை நெருக்கி வைத்தால், ஒரு புள்ளியின் அகலம் ஏறக்குறைய 1.2 மைக்ரான்தான். ஒளி துகள் துகளாக வந்து விழுவது. அந்த வரவில் இயல்பாகவே ஏற்றத்தாழ்வு உண்டு. அந்த ஏற்றத்தாழ்வு, வந்த துகள்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலமாக அமைகிறது. பதினாயிரம் துகள் பெற்ற புள்ளியில் பிசகு நூறு, அதாவது நூற்றுக்கு ஒன்று. நூறு துகள் மட்டுமே பெற்ற புள்ளியில் பிசகு பத்து, அதாவது நூற்றுக்குப் பத்து. மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போலத் தோன்றுகின்ற, நிபுணர்கள் இரைச்சல் என்று சொல்லுகின்ற அந்தப் பொறிப்பொறியான குறைக்கு இதுவே முதற் காரணம்.

புள்ளிகளைப் பெருக்குவதில் ஓர் எல்லைக்கு மேல் லாபமில்லை என்பதை உற்பத்தியாளர்களே உணர்ந்து நடந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. கேனன் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பவர்ஷாட் ஜி10 என்ற காமிராவில் 147 லட்சம் புள்ளிகள் இருந்தன. அடுத்த ஆண்டு அதன் வாரிசாக வந்த ஜி11-இல், சில்லின் அளவு அதே வகுப்பைச் சேர்ந்ததாக இருந்தும், புள்ளிகளை ஒரு கோடியாகக் குறைத்துவிட்டார்கள். மங்கிய ஒளியில் படம் துலக்கமாக அமைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2012-இல் சோனி நிறுவனம் ஆர்எக்ஸ்100 என்ற காமிராவில் வேறு வழியை மேற்கொண்டு, சட்டைப் பைக்கு அடங்கும் உடலுக்குள்ளேயே 13.2 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய சில்லை வைத்தது. இதை ஓரங்குலச் சில்லு என்று விளம்பரங்களில் காண்பவர் மயங்க வேண்டாம். அதன் மூலைவிட்டம் சுமார் 16 மில்லிமீட்டரே. பழைய தொலைக்காட்சிக் காமிராக் குழாய்களின் வெளி விட்டத்தைக் கொண்டு பெயரிட்ட வழக்கம் இன்றளவும் நீடிக்கிறது. ஆதலால், அங்குலக் கணக்கை விட்டு, மில்லிமீட்டரில் நீள அகலங்களைக் கேட்டறிவதே உத்தமம்.

இரைச்சல் மிகுந்த படத்தை அப்படியே கொடுத்தால் வாங்குவோர் முகம் சுளிப்பார்கள் என்பதால், காமிராவின் கணிப்பு யந்திரம் அதைத் துடைத்து மெழுகிவிடுகிறது. முற்காலத்து ஸ்டூடியோக்களில் நெகடிவின் மேல் கூரிய பென்சிலால் தீட்டி, முகத்தின் வடுவையும் சுருக்கத்தையும் மறைத்துவிடும் ரீடச்சிங் கலைஞரின் வேலை போன்றது இது. அவருக்கு எது வடு, எது மச்சம் என்று தெரியும், யந்திரத்துக்குத் தெரியாது. இரைச்சலின் புள்ளியும், புல்லின் நுனியும், தலைமயிரின் இழையும் அதற்கு ஒன்றே. எனவே, துடைக்கும்போது மூன்றையும் சேர்த்துத் துடைத்துவிட்டு, பின்பு படம் மழுங்கித் தோன்றாதிருக்க, விளிம்புகளில் கருமையையும் வெண்மையையும் கூட்டிக் கூர்மை ஏற்றுகிறது. கூரையின் ஓரத்திலும் மரக்கிளையின் ஓரத்திலும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடுமாயின், அது இயற்கையில் இல்லாதது, யந்திரம் வரைந்தது என்று தெளியலாம்.

லென்ஸின் பங்கும் சாமானியமன்று. துவாரம் குறுகக் குறுக ஒளி விலகிப் பரவுவதால், ஒரு நட்சத்திரத்தின் பிம்பங்கூடப் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாகவே விழும். பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம், எஃப் 2.8 என்ற துவாரத்தில் சுமார் 3.8 மைக்ரானும், எஃப் 8-இல் சுமார் 10.7 மைக்ரானும் ஆகும். 1.2 மைக்ரான் புள்ளிகளின் மேல் இத்தகைய வட்டம் விழும்போது, பக்கத்துப் புள்ளிகள் பலவும் ஒரே செய்தியைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. எண்ணிக்கை பெருகியதே தவிர அறிவு பெருகவில்லை. இனி, அகன்ற காட்சியில் நேர்கோடுகள் பீப்பாயின் பக்கம்போல் வளைவதை யந்திரம் கணக்கிட்டு நிமிர்த்தும்போது, படத்தின் மூலைகள் இழுக்கப்பட்டு அங்கே துலக்கம் குன்றுகிறது. வானத்தின் எதிரே நிற்கும் இலைகளின் ஓரத்தில் ஊதாச் சாயல் படிவதும் லென்ஸின் குறைகளில் ஒன்றே.

பரிசோதனைச் சாலைகளில் இவற்றை அளக்க, ஐ.எஸ்.ஓ. 12233 என்று 2000-இல் முதன்முதலாக வெளியான சர்வதேசத் தரமும், மெக்பெத் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட 24 கட்ட வர்ணப் பலகையும் உதவுகின்றன. இல்லத்தில் அவற்றுக்குப் பதிலாகப் பொடியெழுத்து நிறைந்த செய்தித்தாளொன்றைச் சுருக்கமின்றிச் சுவரில் ஒட்டி, காமிராவை மேஜையின் மேல் அசையாது நிறுத்தி, கை படுவதால் நேரும் அதிர்வைத் தவிர்க்க டைமரை வைத்து, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணில் மிகக் குறைந்ததை வைத்து, ஜூமின் இரு கோடிகளிலும் படமெடுக்க வேண்டும். நடுவிலும் நான்கு மூலைகளிலும் எழுத்துக்களைப் படித்துப் பார்க்கையில், நான்கு மூலைகளும் ஒரேபோல் சற்று மழுங்கியிருந்தால் அது அந்த மாதிரிக்கே உரிய இயல்பு. காமிராவைச் சுவருக்கு நேராக நிறுத்தியிருந்தும் ஒரு மூலை மட்டும் கலங்கியிருக்குமாயின், அந்தக் குறிப்பிட்ட காமிராவில் லென்ஸ் கண்ணாடிகள் மையம் பிசகியிருக்கின்றன என்று பொருள். தயங்காமல் அதை மாற்றிக் கேட்கலாம்.

அடுத்து, தொலைவில் உள்ள மரமொன்றை ஐ.எஸ்.ஓ. 100, 200, 400, 800, 1600 என்று படிப்படியாக ஏற்றி எடுத்து, எந்தப் படியில் இலைகள் தனித்தனி இலைகளாக இருப்பதை விட்டுப் பச்சைக் குழம்பாகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காமிராவை நம்பத்தக்க எல்லை அதற்கு முந்திய படியே. உச்சி வெயிலில் வெள்ளைச் சுவரையும் அதன் நிழலையும் ஒரே படத்தில் சேர்த்தெடுத்தால், சுவரின் சொரசொரப்பு வெறும் வெண்மையாகிவிட்டதா, நிழலுக்குள் உள்ளவை வெறும் கருமையில் மூழ்கினவா என்பது தெரிந்துவிடும். குண்டு பல்பின் கீழும் டியூப் விளக்கின் கீழும் வெள்ளைக் காகிதத்தை எடுத்து, அது வெள்ளையாகவே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நீல வானத்தில் சிறு சதுரங்கள் தென்படுமாயின், ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கியபோது அளவுக்கு மீறி நெருக்கிவிட்டது என்று அறியலாம்.

இவ்வளவு நுணுகி ஆராய்ந்தபின், படம் எந்த உபயோகத்துக்கு என்பதையும் நினைத்துக்கொள்ளுதல் நியாயம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற சிறந்த அச்சுக் கணக்கின்படி, ஆறுக்கு நாலு அங்குலப் பிரதிக்கு சுமார் 22 லட்சம் புள்ளிகளும், பத்துக்கு எட்டு அங்குலப் பிரதிக்கு 72 லட்சமும் போதும்; இன்று விற்கும் காமிராக்களில் பெரும்பாலானவை இதைத் தாண்டியே நிற்கின்றன. கணினித் திரையில் முழு அளவுக்கு விரித்துப் பார்க்கையில் கண்ணை உறுத்தும் இரைச்சல், காகிதத்தில் ஏறும்போது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆனால் யந்திரம் துடைத்தழித்த முகத்தின் ரேகையோ, துணியின் நெசவோ எந்த அச்சிலும் திரும்பி வருவதில்லை. ஆகவே, சற்றே பொறி தெரிந்தாலும் நுட்பத்தைக் காப்பாற்றித் தரும் காமிராவை, மெழுகினாற்போல் வழவழப்பான படம் தரும் காமிராவினும் மேலானதாகக் கொள்ள வேண்டும். யந்திரம் துடைத்து மெழுகாத ரா வடிவில் படத்தைத் தரும் வசதியும் இருந்தால், துடைப்பதா வேண்டாமா என்ற தீர்ப்பு நம் கையிலேயே நிற்கும். வாங்குகிறவர் முதலில் சில்லின் பரப்பையும், இரண்டாவது லென்ஸின் துலக்கத்தையும், மூன்றாவது யந்திரத்தின் அடக்கத்தையும் சோதித்து, புள்ளிகளின் எண்ணிக்கையைக் கடைசியில் கேட்பாரானால், விளம்பரத்துக்கு விலை கொடுக்காமல் படத்துக்கே விலை கொடுத்தவராவார்.