அறுவைக் காயத் தொற்று: நோயாளியின் உடல்நிலையும் அபாயமும்

அறுவை சிகிச்சை முடிந்த 30 நாள்களுக்குள், செயற்கை மூட்டு போன்றவை பொருத்தப்பட்டிருந்தால் 90 நாள்களுக்குள், கத்தி பட்ட இடத்திலோ அதன் ஆழத்திலோ தோன்றும் கிருமித் தொற்று அறுவைக் காயத் தொற்று எனப்படுகிறது. காயம் சீழ் பிடித்தால் பழி மருத்துவமனையின் தூய்மைமீதே விழுகிறது; அப்பொறுப்பை மறுப்பதற்கில்லை என்றாலும், ஒரே மருத்துவரிடம் ஒரே சிகிச்சை பெற்ற இருவரில் ஒருவருக்கு மட்டும் தையல் பிரிவதற்கு அவரது உடல்நிலையும் காரணமாகலாம்.

சர்க்கரையும் வெள்ளையணுக்களும்

இரத்தச் சர்க்கரை மிகும்போது, கிருமிகளைத் தேடிச் சென்று விழுங்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் மந்தமடைகின்றன. நாள்பட்ட நீரிழிவில் நுண்ணிய இரத்தக்குழாய்களும் பழுதடைவதால், காயத்துக்கு ஆக்சிஜனும் மருந்தும் போதிய அளவு சென்று சேர்வதில்லை. நோய் இருப்பதே தெரியாமல் வந்து, அறுவைக்கு முந்தைய பரிசோதனையில்தான் அதை அறிந்துகொள்வோரும் உண்டு. அறுவையின் அதிர்ச்சியால் கார்டிசால் முதலிய சுரப்புகள் பெருகி, நீரிழிவு இல்லாதவருக்கும் சர்க்கரை உயரக்கூடும் என்பதால், அறுவையை ஒட்டிய நேரத்தில் எவருக்கும் அது டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் பரிந்துரைத்தது.

புகையும் ஊட்டமும்

நிகோட்டின் இரத்தக்குழாய்களைச் சுருக்க, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு சிவப்பணுக்களில் ஆக்சிஜனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நான்கு வாரங்களுக்கு முன்பே புகையை விட்டவருக்கு அபாயம் குறைகிறது. பருமனானவரின் கொழுப்புத் திசுவில் இரத்த ஓட்டம் குறைவு. புரதம் குறைந்து மெலிந்தவருக்கோ காயத்தை இணைக்கும் கொலாஜன் சரிவர உருவாவதில்லை. அபாயத்தைக் கூட்டும் முதுமையை மாற்ற இயலாது. ஸ்டீராய்டு மாத்திரைகள் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன என்பது உண்மையே எனினும், அவற்றைத் தாமாக நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து.

மூக்கும் தோலும்

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி பலரது மூக்கினுள் தொல்லை தராமல் குடியிருந்து, கீறிய தோலை எட்டியதும் சீழை உண்டாக்குகிறது. ஆகவே இதய, மூட்டு அறுவைகளுக்கு முன் அக்கிருமி கண்டறியப்பட்டவர்களின் மூக்கில் மியூபிரோசின் களிம்பு தடவப்படுகிறது. அறுவைக்கு முதல்நாள் வீட்டிலேயே பிளேடால் மழித்துக்கொள்ளும் வழக்கம், தூய்மை கருதியே செய்யப்பட்டாலும், கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுக் கிருமிகளுக்கு வழி திறந்துவிடுகிறது. மழிக்கவே கூடாது, தேவையானால் கிளிப்பரால் முடியைக் கத்தரிக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2016இல் வகுத்த நெறி.

சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல், ஆறாத கால்புண் ஆகியவற்றை அறுவைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்று கருதி மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவசரமற்ற அறுவையை இவற்றின் பொருட்டு அவர் சில வாரங்கள் தள்ளிவைத்தால், நோயாளியும் குடும்பத்தாரும் அதற்கு இசைவதே நல்லது.