பால்பாயின்ட் பேனா வரைந்த மூக்கு

வாங்க, லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வகத்துக்குள்ளே எட்டிப் பார்ப்போம். மீன் கெட்டுவிட்டதா என்று மோந்து சொல்லும் கருவி அங்கே எதிலிருந்து பிறந்தது தெரியுமா? ஒரு பால்பாயின்ட் பேனாவிலிருந்து! பேனாவில் கரி மையை நிரப்பி, தாள் வெட்டும் தானியங்கி இயந்திரத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள். அது செல்லுலோஸ் தாளில் சரசரவென்று கறுப்புக் கோடுகளை இழுத்தது. அந்தக் கோடுகள்தான் மின்முனைகள். ஒன்றுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 2 அமெரிக்க சென்ட்!

செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். துண்டு போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்து வரும் மீனுக்குச் செவுளே இல்லையே! மேலே ஒட்டிய தேதியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வழியில் அந்தப் பெட்டி வெயிலில் கிடந்திருந்தால் தேதி அதைச் சொல்லாது. உறைக்குள் இருக்கும் காற்று சொல்லிவிடும். கடல்மீனின் உடலில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள் உண்டு. உப்புநீரைத் தாக்குப்பிடிக்க அது உதவுகிறது. மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, மிஞ்சுவது டிரைமெத்திலமைன். நம்மை முகம் சுளிக்கவைக்கும் வீச்சம் அதுதான். கூடவே அம்மோனியாவும் கிளம்பும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தாள் காய்ந்துதானே இருக்கிறது என்று நினைப்போம். இல்லவே இல்லை! மழைக்காலத்தில் அப்பளம் நமத்துப்போவதுபோல, செல்லுலோஸ் இழைகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கின்றன. அம்மோனியாவுக்குத் தண்ணீர் கிடைத்தால் போதும், பாய்ந்து கரைந்துவிடும். கரைந்ததும் அயனிகள் உருவாகும். கோடுகளுக்கிடையே மின்சாரம் கூடுதலாக ஓடும். அவ்வளவுதான், வாயு மாட்டிக்கொண்டது! உறைக்குள் எக்கச்சக்கமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் தண்ணீரில் சொற்பமாகவே கரையும், அயனியாகவும் மாறாது. அதனால் தாள் அவற்றைச் சட்டைசெய்வதில்லை. ஈரம் மிகுந்தால் வழக்கமான வாயு உணரிகள் பலவும் திணறும்; இதற்கோ ஈரம்தான் உயிர். சூடாக்கவும் தேவையில்லை.

ஃபிராட் குடெர் தலைமையிலான குழு 2019-ல் இதை வெளியிட்டது. உறையிலிட்ட மீனிலும் கோழியிறைச்சியிலும் சோதித்துக் காட்டியது. தாளோடு என்எஃப்சி சில்லு ஒன்றையும் சேர்த்தார்கள். ஃபோனைப் பக்கத்தில் காட்டினால், ஃபோன் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சில்லு மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பேட்டரியே கிடையாது!

வறண்ட காற்றில்தான் சிக்கல்: ஈரம் குறைந்தால் தாளின் மோப்பக் கூர்மையும் மாறும். அதைச் சரிசெய்துவிட்டால் வயல்வெளிக்கும், நகரக் காற்றின் தரத்தை அளக்கவும், சிறுநீரகம் பழுதானவர்களின் மூச்சில் கூடும் அம்மோனியாவைப் பிடிக்கவும் இதே தாளை அனுப்பலாம் என்று குழு அப்போது திட்டமிட்டது.