பனிநாட்டு வீட்டிலே சூடு காத்தல்

குளிர் என்னும் சொல் நம் செவிக்கு இனியது. நல்ல செய்தி கேட்டால் உள்ளம் குளிர்ந்தது என்கிறோம். பிள்ளைகளைக் கண் குளிரக் கண்டோம் என்கிறோம். வெயில் நாட்டிலே வளர்ந்த மொழி அவ்வாறுதான் பேசும். ஆனால் இம்மொழியைப் பேசும் நம்மவர் பெருந்தொகையினர் இன்று கனடாவிலே வாழ்கின்றனர். அங்கே சனவரி மாதத்து இரவுகளில் வெப்பநிலை நீர் உறையும் நிலைக்குப் பத்துப் பாகை கீழே இறங்குவது சாதாரணம். இருபது பாகை இறங்குவதும் உண்டு. வீட்டைச் சூடாக்கும் ஹீற்றர் இயங்கும்வரை அந்தக் குளிர் யன்னலுக்கு வெளியே தெரியும் ஒரு காட்சி மாத்திரமே. அது நின்றுவிட்டால் ஒரு குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இங்கே இருக்கும் நமக்கு இது எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அங்கே வீடு இருண்டால் தொலைபேசி மணி ஒலிப்பது இங்கேதான். அவ்வேளை நாம் சொல்லும் புத்திமதி சில சமயம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

இது வெறுங் கற்பனையன்று. 1998ஆம் ஆண்டு சனவரி 5ஆந் திகதி தொடங்கி ஐந்தாறு நாட்கள் கியூபெக், ஒன்ராறியோ மாகாணங்களின் சில பகுதிகளில் விழுந்த மழை, விழுந்த இடத்திலேயே கண்ணாடிபோல உறைந்தது. அதன் பாரம் தாங்காது மின்கம்பிகள் அறுந்தன. உருக்குக் கோபுரங்கள் ஆயிரம் அளவில் மடிந்து விழுந்தன. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மின்சாரம் இழந்தனர். மொன்றியாலுக்குத் தெற்கே சில ஊர்களுக்கு அது திரும்பி வர ஒரு மாதமளவு சென்றது. 2013ஆம் ஆண்டு டிசெம்பர் 21, 22ஆந் திகதிகளில் ரொறன்ரோவிலும் அவ்வாறே உறைமழை பெய்து, ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. நத்தார்ப் பண்டிகையைப் பலர் இருட்டிலே கழித்தனர்.

மின்சாரம் போனால் சூடும் ஏன் போகவேண்டும்? கியூபெக்கிலே நீர்மின்சாரம் மலிவு. ஆகையால் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தாலேயே சூடேற்றப்படுகின்றன. ரொறன்ரோவிலே பல வீடுகளில் எரிவாயு எரிகிறது. எனினும் அந்தச் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறியும், எரிவைக் கட்டுப்படுத்தும் கருவியும் மின்சாரத்தை நம்பியே இருக்கின்றன.

முதலிலே ஒரு சிறு விளக்கம். கம்பளி சூடு தருமா என்று வகுப்பிலே கேட்டால் எல்லாக் கைகளும் உயரும். தரும் என்பார்கள். அப்படியாயின் மீன் வியாபாரி பனிக்கட்டியைச் சாக்காலும் மரத்தூளாலும் ஏன் மூடுகிறான் என்று கேட்டால் கைகள் மெல்ல இறங்கும். போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் நிலையை வெளியே உள்ள நிலையிலிருந்து பிரித்துக் காக்கிறது, அவ்வளவே. சூடு உண்டாவது நம் உடம்பிலே. சும்மா இருக்கும் ஒரு மனிதனின் உடல் வெளிவிடும் வெப்பம், பழைய நூறு உவாற்று மின்குமிழ் ஒன்று தரும் வெப்பத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகவே ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஓயாது எரியும் ஐந்து மின்குமிழ்களாகும். அந்த ஐந்தையும் ஐந்து அறைகளில் வைத்தால் ஒன்றும் ஆகாது. ஒரே அறையிலே வைத்தால் பயன் உண்டு.

ஆகையால் வீட்டைக் காக்க முயலாது, ஓர் அறையைக் காத்தல் வேண்டும். சிறிய அறையாக, யன்னல் குறைந்ததாக இருப்பது நன்று. கதவின் அடியிலே துவாயைச் சுருட்டி வைத்து, யன்னலுக்குக் கம்பளி தொங்கவிட வேண்டும். பகலிலே தெற்கு நோக்கிய யன்னலின் திரையை மட்டும் விலக்கலாம். வடநாடுகளில் மாரிச் சூரியன் தென்வானத்திலேயே சஞ்சரிக்கும். பொழுது சாயும் முன் அதையும் மூடிவிட வேண்டும். மேலே எத்தனை போர்வை இருந்தாலும் நிலம் கீழிருந்து சூட்டை உறிஞ்சும். எனவே மெத்தை, கம்பளம், காட்போட் அட்டை என்பவற்றை அடுக்கி அதன்மேலே படுக்க வேண்டும். மேசைமீது போர்வையை விரித்துத் தொங்கவிட்டு அதன் கீழே பிள்ளைகளை இருத்தினால் அறைக்குள் ஒரு குடில் அமையும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெற்றோருக்கு அது பாதுகாப்பு. தடித்த ஓர் உடையிலும் மெல்லிய பல உடைகள் மேலானவை. அவற்றின் இடையே தங்கும் காற்றுத்தான் உண்மையான போர்வை. நனைந்த காலுறையை உடனே மாற்ற வேண்டும்.

இனி, இன்றைய பேச்சின் தலையாய பகுதிக்கு வருகிறேன். என்னோடு படிப்பித்த ஆசிரியை ஒருவரின் மகள் 2013ஆம் ஆண்டு ஸ்காபறோவிலே இருந்தாள். மூத்தவனுக்கு நான்கு வயது, இளையது கைக்குழந்தை. இரண்டாம் நாள் இரவு வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகைபோலத் தெரிகிறது என்று தாயாரை அழைத்து அழுதாள். “இறைச்சி வாட்டும் கரி அடுப்பு வெளியிலே நிற்குதல்லவா? அதை உள்ளே எடுத்து மூட்டு, பிள்ளை” என்றார் தாயார். அவர் மூடராகையால் அப்படிச் சொன்னவரல்லர். விறகடுப்பின் அருகே குளிர்காய்ந்து வளர்ந்தவர். நல்ல வேளையாக, அந்த அடுப்பைத் தூக்கி வந்த மகளைப் படியிலே கண்ட அயல்வீட்டுக்காரர் தடுத்துவிட்டார்.

நம் பழைய குசினிகள் மூச்சு விடும் குசினிகள். ஓட்டின் இடுக்கால், கிடுகின் இடையால், சுவருக்கும் கூரைக்கும் நடுவேயுள்ள வெளியால் புகை போய்விடும். குளிர்நாட்டு வீடு காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டது. யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவுக்கு இறப்பர் விளிம்பு. அத்தகைய அறையிலே கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு என்னும் வாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. நன்றாகக் கனன்று புகையே இல்லாதிருக்கும் தணலிலிருந்தும் அது வரும். நமது குருதியில் பிராணவாயுவைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு, பிராணவாயுவை விட இருநூறு மடங்குக்கு மேலான வலிமையுடன் அது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலையிடி, பின்னர் தலைச்சுற்று, வயிற்றுக்குமட்டல். தடிமன் காய்ச்சல் என்றே தோன்றும். உறங்குபவர்களுக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிட்டாது. வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே வேளையில் தலையிடித்தால், எவ்வளவு குளிராயினும் உடனே வெளியேறி உதவிக்கு அழைக்க வேண்டும்.

மின்பிறப்பாக்கியும் அத்தகையதே. அது வீட்டுக்கு வெளியே, கதவு யன்னல்களிலிருந்து இருபது அடிக்கு அப்பால் நிற்க வேண்டும். வீட்டோடு ஒட்டிய கராச்சிலே காரை இயக்கி அதிலே குளிர்காய்வதும் ஆகாது. கராச் கதவு திறந்திருந்தாலும் ஆகாது. 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இவ்வாறு மின்சாரம் நின்றபோது 246 பேர் இறந்ததாக அரசாங்கக் கணக்குக் கூறுகிறது. பெரும்பாலோர் குளிரால் இறந்தனர். இந்த வாயுவால் இறந்தவர்களும் அதிலே உளர். ஒன்ராறியோவிலே எரிபொருள் எரியும் கருவிகள் உள்ள வீடுகளில் இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி 2014ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. நான் சொன்ன அந்த ஆசிரியை இப்பொழுது கார்த்திகை பிறந்தவுடன் மகளிடம் கேட்கும் முதற் கேள்வி, அதன் பற்றரியை மாற்றினாயா என்பதே.

உணவைக் குறைக்கலாகாது, உடம்புக்கு அதுவே விறகு. மது சூடு தரும் என்பது பொய். அது தோலின் குருதிக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே இறைத்துவிடும். நீர் உறையும்போது பருமன் கூடுவதால் குழாய்கள் வெடிக்கும். நீர் வரும்வரை குழாயை நூலளவு ஓடவிடுவது வழக்கம்.

கைக்குழந்தையையும் முதியவரையும் தனித்துக் கவனிக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு நடுங்கவும் தெரியாது. விழித்திருக்கும் ஒருவர் அதை மார்போடு அணைத்திருக்கலாம். முகத்தைப் போர்வையால் மூடலாகாது. பெரியவர்களுடைய உடல் வெப்பம் 37 பாகையிலிருந்து 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. கை தடுமாறும், சொல் குழறும், உறக்கம் மேலிடும். நடுக்கம் நின்றுவிட்டது, இனிச் சுகம் என்று எண்ணலாகாது. குளிர் முற்றியதாலும் நடுக்கம் நிற்கும். அந்நிலையில் வைத்தியசாலைதான். அதற்கு முன்னரே, சூடுள்ள உறவினர் வீட்டுக்கோ, நகரசபை திறந்துவைக்கும் மண்டபத்துக்கோ போய்விடுவது உத்தமம். நம் முதியவர்கள் பிறர் இடத்திலே படுக்கக் கூச்சப்பட்டு மறுப்பார்கள். அவர்களை இணங்கச் செய்வதற்கு, இங்கிருந்து பேசும் ஒரு தமக்கையின் குரலோ தம்பியின் குரலோ மிகவும் உதவும்.