மழைவழிப் பயணமும் மிதிவண்டிப் பைகளும்

மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்வோர் தம் உடைமைகளை ஏற்றிச் செல்லும் பைகளைப் பற்றிச் சில செய்திகளை இங்கே கூற விரும்புகிறோம். மும்பையிலும் புணேயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நம்மவருள், விடுமுறை கிடைத்ததும் சைக்கிளேறி ஊர் காணப் புறப்படும் இளைஞர் உண்டு. இளமை கடந்தும் அவ்வார்வம் குன்றாதவரும் உண்டு. மும்பைக்கோ இத்துறையில் பழம்பெருமையே உண்டு. 1923-ஆம் ஆண்டில் அந்நகரிலிருந்து மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்ட பார்சி இளைஞர் அறுவருள் ஹக்கீம், பாபாசோலா, பூம்காரா என்னும் மூவர், 1928-இல் பயணத்தை நிறைவேற்றித் திரும்பினர். அவர்கள் காலத்தில் இல்லாத துணிவகைகளும் பைகளும் இன்று கடைகளில் நிறைந்துள்ளன. மழை மட்டும் அன்று பெய்தவாறே இன்றும் பெய்கிறது.

மழையின் அளவைச் சற்று எண்ணிப் பார்ப்போம். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். மும்பையிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களிலேயே 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்துவிடுகிறது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் தொடங்கிய ஒரே நாட்கணக்கில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று என்பதைப் பலர் இன்னும் மறந்திரார். இத்தகைய பருவத்தில்தான் கொங்கணக் கரையின் மலைகளும் வயல்களும் பசுமை கொண்டு பயணியை அழைக்கின்றன. மும்பையிலிருந்து கோவா வரை முருட், ஸ்ரீவர்தன், தாபோலி, குஹாகர், ரத்னகிரி, மால்வண் என்று கடலோரமாகவே செல்லும் வழியில், அகர்தாண்டாவிலும் தாபோலிலும் ஜெய்கட்டிலும் உப்பங்கழிகளைப் படகில் வண்டியோடு கடக்க வேண்டும். மேலே மழை, கீழே சேறு, பக்கத்தில் கடல். இவ்வழியில் செல்பவன் கையிலுள்ள பை எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதே நம் கேள்வி.

முதலில் ஒரு சொல் விவகாரம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, விற்பனை விளம்பரங்களைக் கண்டால் சொற்களை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. நீர் ஒட்டாதது வேறு. நீர் புகாதது வேறு. முன்னதற்குத் தாமரை இலை சான்று: துளி உருண்டு விழுந்துவிடும். ஆனால் சாமான் நிறைந்த பையில், உள்ளிருக்கும் பொருள் துணியை வெளிநோக்கி அழுத்த, வெளியே கம்பி உராய, மேலே மணிக்கணக்கில் மழை அறைய, அவ்வொட்டாத் தன்மை வெகுநேரம் நிலைப்பதில்லை. விளம்பரங்களோ இவ்விரண்டையும் ஒன்றாகவே பேசுகின்றன. நமக்கு வேண்டியது நீர் புகாதது.

அதைக் கண்டறிய ஒரு வழி, சிலவகைப் பைகளின்மேல் பொறித்திருக்கும் குறியீட்டைப் பார்ப்பது. ஐ.பி. என்ற எழுத்துகளைத் தொடர்ந்து இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது தூசியைப் பற்றியது. இரண்டாவது நீரைப் பற்றியது. நீர்க்குறி 4 என்றால் எப்பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும்; 5-உம் 6-உம் பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்குவன; 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்கினாலும் கேடில்லை. மிதிவண்டிப் பயணிக்கு 4 பெரும்பாலும் போதும். அக்குறியில்லாத பையெல்லாம் கெட்ட பை என்று கொள்ள வேண்டியதில்லை. அதை நாமே சோதித்துக் கொள்ளலாம்.

நீர் எவ்வழியாகப் புகுகிறது? பலரும் துணியையே பார்க்கின்றனர். துணியின் வழியாக நீர் புகுவது அரிது. வாய் வழியாகவும் தையல் வழியாகவுமே அது புகுகிறது. அன்றியும், பைமேல் விழும் நீரிற் பெரும்பகுதி வானத்திலிருந்து வருவதன்று, சக்கரம் வாரியிறைப்பது. ஆகவே, புதுப்பை வாங்குமுன் இரு சக்கரங்களுக்கும் நீளமான மட்கார்டும், அதன் நுனியில் தொங்கும் ரப்பர்த் துண்டும் உண்டா என்று பார்த்துக்கொள்வது நலம். பழைய டியூபிலிருந்து வெட்டிய துண்டே அதற்குப் போதும். இச்சிறு செலவு செய்யும் நன்மையைப் பெருஞ்செலவும் செய்வதில்லை.

பையின் வாய் ஜிப் உடையதாயின் அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். சாதாரண ஜிப்பின் பற்களிடையே நீர் கசியும். நீர் புகா ஜிப்போ சேறும் மணலும் பட்டால் நகர மறுக்கும். சுருட்டி மடித்துக் கொளுவியால் பூட்டும் வாயே சிறந்தது. குறைந்தது மூன்று சுற்றாவது சுருட்ட வேண்டும். ஆதலால் இருபது லிட்டர் பை என்றால் இருபது லிட்டரும் சாமானுக்கு ஆகும் என்று கணக்கிடலாகாது. வாயளவும் திணித்தால் சுருட்ட இடமிராது. வெளிப்புறத்துச் சிறு ஜிப் அறைகள் பார்வைக்கு அழகு. அவற்றில் சீப்பும் சோப்பும் வைக்கலாம். பணமும் மருந்தும் வைத்தல் கூடாது.

தையலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊசி சென்ற இடமெல்லாம் ஒரு துளை. ஒரு பையின் விளிம்புகளில் இத்தகைய துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். நல்ல தொழிற்சாலையார் தையலின்மீது உட்புறமாக ஒரு நாடாவைச் சூடேற்றி ஒட்டுவர். பையை உள்வெளியாகத் திருப்பினால் அந்நாடா தெரியும்; நகத்தால் வருடி ஓரம் கிளம்புகிறதா என்று பார்க்கலாம். இதனினும் மேலான முறை, தையலே இல்லாமல் இரு துணிகளை ஒன்றாக உருக்கி இணைப்பது. வானொலி அலையினத்தைச் சேர்ந்த மின்னலைகளைத் துணியின்மேல் பூசிய பிளாஸ்டிக்கில் செலுத்த, அது உள்ளிருந்தே சூடாகி, அழுத்தத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். இதற்குப் பெரிதும் வழங்கும் அலைவெண் 27.12 மெகாஹெர்ட்ஸ். பேச்சையும் பாட்டையும் சுமந்து வருபவற்றின் உறவினரே பைக்கும் உதவுகின்றனர் என்பது வானொலி நேயர்களுக்கு வியப்பளிக்கலாம்.

துணியைப் பொறுத்தவரை, இன்று உலகெங்கும் பரவியுள்ள பைவகையின் கதை சுவையானது. ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்னும் ஜெர்மானிய இளைஞர் மழை நனைத்த ஒரு சைக்கிள் பயணத்தில், தம் உடைமை ஈரமாக, சாலையில் செல்லும் லாரிகளின் சரக்கு தார்ப்பாயின் கீழ் உலர்ந்தே இருப்பதைக் கண்டார். அத்தார்ப்பாய்த் துணியிலேயே பை தைத்தார். 1982-இல் அதைத் தொழிலாக்கினார். பாலியெஸ்டர் இழைமேல் பி.வி.சி. பூசிய அத்துணி கனமானது, உரசலைத் தாங்குவது, எளிதில் ஒட்டுப்போடக் கூடியது. அதனினும் இலேசானவையாகப் பாலியூரிதேன் பூசிய நைலான் துணிகள் வந்துள்ளன. அவற்றுள் மலிவானவற்றிடம் ஓர் எச்சரிக்கை வேண்டும். நம் கடற்கரை நகரங்களின் புழுக்கத்தில் ஈரத்தோடு மடித்து வைத்தால், சில ஆண்டுகளில் உட்பூச்சு பிசுபிசுத்து, வாடை வீசி, தோல் தோலாக உரிந்துவிடும். குளிர்நாட்டில் எழுதிய ஆலோசனை நூல்கள் இதை அத்துணை வலியுறுத்துவதில்லை. மும்பைக்காரரும் கல்கத்தாவாசிகளும் பையை நன்றாக உலர்த்தி, மடிக்காமல் தொங்கவிட்டு வைப்பதே தக்கது.

கடையிலேயே செய்யக் கூடிய சோதனை ஒன்றுண்டு. பையை விரித்துக் காற்றைப் பிடித்து, வாயைச் சுருட்டிப் பூட்டி, மேலே மெல்லச் சாய்ந்து அழுத்துக. சீறல் கேட்டால் அங்கே ஓட்டை. வீட்டிற்கு வந்தபின் இரண்டு குவளை நீரை உள்ளே ஊற்றித் தொங்கவிட்டு, கால்மணி நேரம் கழித்து அடிப்புறத்தைத் தடவிப் பார்க்கலாம். நீர் வெளிவரும் வழியே உட்புகும் வழி.

இனி, விலை. வெளிநாட்டுப் பை ஒரு ஜோடியின் விலை, நம் ஊர்ச் சாதாரண சைக்கிளின் விலையையும் விஞ்சக்கூடும். மாதச் சம்பளத்தில் ஊருக்கும் பணம் அனுப்பும் ஒருவர் அவ்வளவு செலவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. உறுதியான கான்வாஸ் பை ஒன்றும், அதனுள் முழு உயரத்திற்கு நிற்கும் கனத்த பாலிதீன் உறை ஒன்றும் போதும். உறையின் வாயை முறுக்கி, மடித்து, சைக்கிள் டியூபில் வெட்டிய வளையத்தால் கட்டுக. வெளிப்பை நனையட்டும், உள்ளிருப்பது நனையாது. நனைந்த கான்வாஸ் கனக்கும், உலர நேரமாகும் என்பதே இதிலுள்ள குறை. இதற்கு மாறாக, பையின்மேல் போர்த்தும் மழையுறையை மட்டும் நம்புவது தவறு. அது முன்புறத்தை மூடும். சக்கரத்தை நோக்கிய முதுகு திறந்தே இருக்கும். அவ்வழியே ஏறிய நீர் உறையின் அடியில் குளமாகத் தேங்கி, பையை ஊறவைக்கும். காற்று வீசினால் உறை கழன்று சக்கரத்தில் சிக்குவதும் உண்டு.

நீரைப் பற்றியே பேசிக்கொண்டு கொக்கிகளை மறந்துவிடலாகாது. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது மேற்கொக்கி கேரியர்க் கம்பியைவிட்டுக் கழலாதவாறு பூட்டுடையதாக இருக்க வேண்டும். கீழ்க்கொக்கி பை ஊசலாடாமல் பிடிக்க வேண்டும். நம் நாட்டுச் சைக்கிள்களின் கேரியர்க் கம்பி சில பைகளின் கொக்கிக்குள் அடங்காத பருமனுடையது. ஆதலால் வண்டியையே கடைக்குக் கொண்டு செல்வது நல்லது. பக்கவாட்டில் தாங்கு கம்பியில்லாத கேரியரில் பை உட்சாய்ந்து ஆரக்கால்களில் சிக்கினால் விளைவு விபரீதமாகும். பெடலை மிதிக்கையில் குதிகால் பையில் இடிக்கிறதா என்றும் பார்க்க. நிறம் மஞ்சளோ சிவப்போ ஆகட்டும். பெருமழையில் பின்வரும் லாரிக்காரர் கண்ணுக்குக் கறுப்புப் பை தெரிவதில்லை.

இத்தனை முயற்சியும் எதற்கு என்று கேட்கலாம். தில்லியிலுள்ள நம்மவர் மணாலியிலிருந்து லே நோக்கிச் செல்லும் பாதையை எண்ணிப் பார்க்க வேண்டும். 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தங் கணவாயில் மழையில் நனைந்து ஏறியவர், மாலையில் மாற்றிக்கொள்ள உலர்ந்த ஆடையும் போர்வையும் இல்லையெனில், உடல் வெப்பம் குன்றிப் பேச்சுக் குழறி மயங்கும் நிலை வரலாம். இறகு நிரப்பிய உறக்கப்பை நனைந்தால் வெம்மை தருவதில்லை. அங்கே பனியுருகிய ஓடைகள் பிற்பகலில் பெருகிச் சாலையைக் கடக்கும். பையின் அடிப்பாகமே நீரில் அமிழும். எனவே இரவு உடையும் போர்வையும் எப்பையில் இருந்தாலும், தனியே இன்னோர் உறைக்குள் இருத்தல் வேண்டும். அடையாள அட்டைக்கும் மருந்துக்கும் இதுவே விதி.

நீர் புகாத பை நீரை வெளிவிடாத பையும் ஆகும் என்பதைச் சிலர் எண்ணுவதில்லை. ஈரத்துண்டையும் மழைக்கோட்டையும் உள்ளே வைத்துப் பூட்டினால், உலர்ந்த ஆடையும் இரவுக்குள் ஈரமேறி நாறும். ஈரமானவற்றை மேலே வாரால் கட்டிச் செல்க. தங்குமிடம் சேர்ந்தவுடன் பையின் வாயைத் திறந்து வையுங்கள்.

வழியில் கிழிந்தால், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் ரப்பர்ப் பசை பி.வி.சி. துணியில் உறுதியாகப் பிடிப்பதில்லை. தார்ப்பாய் தைப்போரிடம் கிடைக்கும் பசையும் அதே துணியில் ஒரு துண்டும் கொண்டு செல்வது நலம். அதுவரை அகன்ற துணிநாடாவை, இடம் உலர்ந்தபின், உள்ளும் புறமும் ஒட்டிச் சமாளிக்கலாம்.

கோவா வரை சென்று வண்டியை ரயிலில் அனுப்புவோரும், விடுமுறைக்கு ஊர் செல்கையில் சைக்கிளையும் உடன் கொண்டு போவோரும், பார்சல் அலுவலகத்தில் அதை ஒப்படைக்குமுன் பைகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்காகவே தோள்வார் உள்ள பையைத் தேர்ந்தெடுப்பது பயனுடையது. கொக்கிகள் உள்ள பக்கத்தை உட்புறமாக வைத்து இருக்கையின் அடியில் தள்ளிவிட்டால், அடுத்திருப்பவர் சேலையும் வேட்டியும் கிழியாமல் ஊர் போய்ச் சேரலாம்.