சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால்

"மருமகள் சோற்றில் விஷம் வைக்கிறாள்", "பக்கத்து வீட்டார் சூனியம் செய்கிறார்கள்" என்று உங்கள் கணவரோ மனைவியோ சொன்னால், உண்மையா என்று முதலில் பாருங்கள். ஆதாரமே இல்லாமல் உறுதியாக நம்பினால் அது நோய், பிடிவாதம் அல்ல. பயத்தில் சாப்பாட்டையும் இனிப்புநீர் மருந்தையும்கூட நிறுத்திவிடுவார்கள்.

வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "பயமாக இருக்கிறதா? நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மாத்திரையைச் சோற்றில் மறைத்துக் கொடுக்காதீர்கள். கண்டுபிடித்தால் சந்தேகம் உறுதியாகிவிடும்!

முதுமையில் காது மந்தம், மறதி நோய், சிறுநீர்க் கிருமி ஆகியவையும் காரணமாகலாம். திடீரென்று வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ராசாவில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்கோ கோல குபு பாரு மருத்துவமனைக்கோ போகலாம். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சாதீர்கள். பலர் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுகிறார்கள். மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். இடையில் நிறுத்த வேண்டாம். மன ஆதரவுக்கு அழைக்க: 15555.