அன்று உறை, இன்று கைபேசி

சுரங்க நகரான நெய்வேலியில், விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பலைகளை உணரும் கருவியை வைக்க யாருக்கும் தோன்றாது. பக்கெட் வீல் இயந்திரங்கள் இரவும் பகலும் மண்ணைப் பெயர்க்கின்றன. இறுகிய மண்ணுக்கு வெடியும் வைக்கிறார்கள். அந்தக் கருவிக்கோ தொலைவில் ஓடும் ரயிலே தொல்லை. 4 கிலோமீட்டர் நீளக் கையில், புரோட்டான் விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய மாற்றத்தை அது உணர வேண்டும். இந்தியாவுக்கான அத்தகைய கருவியான லைகோ-இந்தியா மராட்டியத்தின் ஹிங்கோலி மாவட்டத்துக்குப் போனதற்கு நில அமைதியும் ஒரு காரணம்.

அதிர்வு எது, அலை எது என்ற குழப்பம் இத்துறையை ஒருமுறை சுட்டிருக்கிறது. 1969இல் ஜோசப் வெபர் தம் அலுமினிய உருளைகள் அலையைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார். பிற ஆய்வகங்கள் தேடிப் பார்த்தன, அகப்படவில்லை.

அதனால்தான் லைகோ ஈர்ப்பலை ஆய்வுக் குழுவினர் தங்களையே சந்தேகிக்கப் பழகினார்கள். ஆய்வாளர்களைச் சோதிக்க, ஒரு சிலர் மட்டும் அறியப் போலிச் சைகையைப் புகுத்தும் வழக்கம் இருந்தது. 2010 செப்டம்பரில் அழகான சைகை ஒன்று வந்தது. ஆறு மாதம் அலசினார்கள், கட்டுரையும் எழுதினார்கள். 2011 மார்ச்சில், உண்மையை மூடி வைத்திருந்த உறையைப் பிரித்தால், போலி! வீண் வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது நல்ல ஒத்திகையாகவே படுகிறது.

2015 செப்டம்பர் 14, நம் நேரப்படி பிற்பகல் 3.20. 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரு கருந்துளைகள் மோதிய அலை வந்து சேர்ந்தது. இம்முறை யாரும் எதையும் புகுத்தவில்லை என்று உறுதியான பிறகும் ஐந்து மாதம் வாய் திறக்கவில்லை. வதந்தி மட்டும் கசிந்தது. சென்னைக் கணிதவியல் நிறுவனத்தினர் உள்ளிட்ட இந்தியக் குழுக்களும் இந்தக் கண்டுபிடிப்பில் பங்குபெற்றிருந்தன. 2016 பிப்ரவரி 11 அன்றுதான் உலகுக்குச் சொன்னார்கள்.

2019 ஏப்ரல் முதல் நிலைமை வேறு. சைகை போல ஒன்று தென்பட்ட சில நிமிடங்களில் அறிவிப்பு எல்லாருக்கும் போகிறது. வெறும் இரைச்சல் என்று தெரிந்தால் திரும்பப் பெறுகிறார்கள். தாமதித்தால் தொலைநோக்கிகளுக்கு வாய்ப்புப் போய்விடும். 2017 ஆகஸ்டில் நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது வானியலாளர்கள் இதைக் கண்கூடாகக் கண்டார்கள். பதிவான நிகழ்வுகள் 200ஐத் தாண்டிவிட்டன. உறை பிரிக்கும் அந்தத் தவிப்பு இனி வராது. எச்சரிக்கை மட்டும் போய்விடவில்லை. ஒவ்வோர் அறிவிப்போடும் ஓர் எண்ணாக ஒட்டிக்கொண்டு வருகிறது. இரைச்சலே இப்படி ஏமாற்ற எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வாய்ப்புண்டு என்பதைச் சொல்லும் எண் அது.

இந்த அறிவிப்புகள் பொதுவானவை. நெய்வேலிப் பிள்ளைகளும் கைபேசியில் பார்க்கலாம். பார்க்கும்போது, எத்தனை கோடி ஒளியாண்டு என்று வியப்பதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள்.