மின்னோட்டத்தை அளத்தல்: ஓர் ஒப்புமை உணரியும் அதன் பாதுகாப்பான பயன்பாடும்

மின்னழுத்தத்தை அளத்தலும் மின்னோட்டத்தை அளத்தலும் மேலோட்டமாக நோக்குமிடத்து ஒரே வகையான செயல்களாகவே தோன்றும். இரண்டுக்கும் ஒரு மானி வேண்டும். இரண்டு கம்பிகள் வேண்டும். ஆயினும் அடிப்படையில் இவை வேறுபட்டவை. அழுத்தத்தை அளக்கும் மானி சுற்றின் இரு புள்ளிகளைப் புறத்தே நின்று தொட்டுப் பார்க்கின்றது. ஓட்டத்தை அளக்கும் மானியோ சுற்றை ஓரிடத்தில் அறுத்து, அவ்விடைவெளியிலே தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. அளக்கப்படும் ஓட்டம் முழுவதும் அதனூடாகவே செல்கின்றது. எனவே, ஓட்டத்தை அளக்க முற்படுபவர் வெறும் பார்வையாளராக இருத்தல் இயலாது. அவர் அச்சுற்றின் ஓர் உறுப்பைத் தாமே அமைப்பவராகின்றார். இக்கருவிகளின் பாதுகாப்புப் பற்றிய வினாக்களுட் பெரும்பாலானவை இவ்வுண்மையிலிருந்தே பிறக்கின்றன.

இன்று பல்கலைக்கழக மாணவரிடையேயும் சிறு திருத்தகங்களிற் பணிபுரிவோரிடையேயும் பரவலாகப் புழங்கும் ஓட்ட உணரிப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அலெக்ரோ மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஏ.சி.எஸ். 712 என்னும் சில்லைத் தாங்கிய சிறு பலகையே அது. மலிவான விலைக்குக் கிடைக்கும் இப்பலகை பெரும்பாலும் எவ்வித அறிவுறுத்தற் றாளுமின்றியே வாங்குபவரின் கைக்கு வருகின்றது. அதன் இயல்புகளும் எல்லைகளும் உற்பத்தியாளரின் ஆங்கிலத் தரவேட்டில் எழுதப்பட்டுள்ளன. அதனைப் பயன்படுத்தும் கைகளோ வேறிடத்தில் உள்ளன. அறிவுக்கும் கைக்கும் இடையிலான இத்தூரம் இலக்கியத்துறையில் ஒரு குறைபாடாக மட்டும் அமையலாம். 230 வோல்ற்று மின்வழங்கலின் முன்னே அஃது உயிராபத்தாகும். தமிழ் ஏடொன்று இத்தகைய பொருளை எடுத்துரைப்பதற்கு இதனினும் வேறு நியாயம் வேண்டியதில்லை.

ஹோல் விளைவு

மின்னோட்டம் தன்னைச் சூழக் காந்தப்புலமொன்றை உண்டாக்கும் என்பதை 1820ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்டெட் கண்டறிந்தார். அசையும் சுருள் மானிகள் யாவும் அக்கண்டுபிடிப்பின் வழிவந்தவை. நாம் எடுத்துக்கொண்ட பலகையும் காந்தப்புலத்தின் வாயிலாகவே ஓட்டத்தை அறிகின்றது. ஆனால், அதன் உட்கிடையான தத்துவம் 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹோல் என்னும் ஆய்வு மாணவர் கண்டறிந்ததாகும்.

அக்கண்டுபிடிப்பு ஒரு நூலை ஐயத்துடன் வாசித்தமையினால் விளைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட கடத்தியின்மீது தாக்கும் விசை, கடத்தியின்மீதே தாக்குகின்றதேயன்றி அதனுள் ஓடும் மின்னோட்டத்தின்மீது தாக்குவதில்லை என மக்சுவெல் தமது பெருநூலில் எழுதியிருந்தார். இக்கூற்று ஹோலுக்கு இயல்பானதாகத் தோன்றவில்லை. தமது பேராசிரியரான ஹென்றி ரோலண்டின் வழிகாட்டலில் மெல்லிய பொற்றகடொன்றைக் கண்ணாடியின்மேற் பதித்து, அதனூடாக ஓட்டத்தைச் செலுத்தி, குறுக்காகக் காந்தப்புலத்தைப் பிரயோகித்தார். ஓட்டம் ஒருபுறமாகத் தள்ளப்படுமாயின் தகட்டின் இரு பக்கங்களுக்குமிடையே ஒரு சிறு அழுத்தவேறுபாடு தோன்றுதல் வேண்டும். அது தோன்றியது. இலத்திரன் அறியப்படுவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தது இது. உலோகங்களில் இவ்விளைவு மிகச் சிறியது. குறைகடத்திகள் உருவாக்கப்பட்ட பின்னரே அது நடைமுறைக் கருவியாயிற்று.

பலகையின் அமைப்பு

எட்டுக் கால்களைக் கொண்ட இச்சில்லினுள் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒருபுறத்து நான்கு கால்களையும் இணைக்கும் செப்புப் பாதையினூடாக அளக்கப்படும் ஓட்டம் செல்கின்றது. அப்பாதையின் தடை ஏறத்தாழ 1.2 மில்லியோம் மாத்திரமே. மறுபுறத்தில் ஹோல் உணரியும் பெருக்கியும் அமைந்துள்ளன. இவ்விரு பகுதிகளுக்குமிடையே மின்தொடர்பு இல்லை. செப்புப் பாதையின் காந்தப்புலம் மட்டுமே காவலியைக் கடந்து உணரியை அடைகின்றது.

உணரிப் பகுதிக்கு 5 வோல்ற்று வழங்கப்படும்போது, ஓட்டமில்லாத நிலையிற் பயப்பு அதன் அரைவாசியாகிய 2.5 வோல்ற்றில் நிற்கும். ஓட்டம் ஒரு திசையிற் செல்லும்போது அது கூடும். எதிர்த்திசையிற் செல்லும்போது குறையும். ஓட்டத்திற்கு ஒப்பத் தொடர்ச்சியாக மாறும் இவ்வழுத்தமே 'ஒப்புமை' என்னும் சொல்லாற் குறிக்கப்படுகின்றது. சில்லு மூன்று வகைகளிற் கிடைக்கின்றது. 5 அம்பியர் வகை ஓர் அம்பியருக்கு 185 மில்லிவோல்ற்றும், 20 அம்பியர் வகை 100 மில்லிவோல்ற்றும், 30 அம்பியர் வகை 66 மில்லிவோல்ற்றும் தரும். பலகைகள் தோற்றத்தில் ஒத்திருப்பதால், சில்லின்மேற் பொறிக்கப்பட்ட எழுத்துகளைப் பார்த்தே வகையை உறுதிசெய்தல் வேண்டும்.

இணைக்கும் முறை

முதற்கண் 12 வோல்ற்று நேரோட்டச் சுற்றொன்றை உதாரணமாகக் கொள்வோம். மின்கலவடுக்கின் நேர் முனையிலிருந்து வரும் கம்பி ஓர் உருகியைக் கடந்து பலகையின் ஒரு திருகு முனையை அடைய வேண்டும். மற்றைத் திருகு முனையிலிருந்து விளக்குக்கும், விளக்கிலிருந்து மின்கலவடுக்கின் மறை முனைக்கும் கம்பி செல்லுதல் வேண்டும். இதுவே தொடரிணைப்பு. பலகையின் இரு திருகு முனைகளும் வோல்ற்றுமானியின் முனைகளைப் போலத் தோன்றுவதால், அவற்றை மின்கலவடுக்கின் இரு முனைகளுக்கும் நேரே பூட்டிவிடும் தவறு எளிதில் நிகழக்கூடியது. 12 வோல்ற்றை 1.2 மில்லியோமினால் வகுத்தால் 10,000 அம்பியர் வரும். மின்கலவடுக்கின் அகத்தடையும் கம்பிகளின் தடையும் அதனை வெகுவாகக் குறைக்குமாயினும், எஞ்சும் ஓட்டம் சில்லை எரித்துக் கம்பியின் காவலியை உருக்கப் போதுமானது. உருகி சுற்றின் தொடக்கத்தில் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

மறுபுறத்து மூன்று கால்களுள் ஒன்று 5 வோல்ற்று வழங்கலுக்கும், ஒன்று பூச்சிய அழுத்தத்திற்கும், ஒன்று பயப்புக்கும் உரியன. ஆர்டுயினோ ஊனோ போன்ற 5 வோல்ற்று நுண்கட்டுப்படுத்திக்குப் பயப்பை நேரடியாக இணைக்கலாம். 3.3 வோல்ற்றில் இயங்கும் கட்டுப்படுத்திகளுக்கு அவ்வாறு செய்தலாகாது. 30 அம்பியர் வகையின் பயப்பு முழு ஓட்டத்தில் 4.48 வோல்ற்றை எட்டும். அது கட்டுப்படுத்தியின் உள்ளீட்டைச் சேதப்படுத்தும். இரு தடைகளாலான அழுத்தப் பிரிப்பி ஒன்றை இடையே அமைத்தல் வேண்டும்.

கம்பியின் பருமனும் திருகின் இறுக்கமும் அற்ப விடயங்களல்ல. வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கு விகிதசமமாகப் பெருகுவது. 30 அம்பியர் செல்லும்போது சில்லினுள் மட்டும் ஏறத்தாழ 1 உவாற்று வெப்பமாக வெளிப்படும். தளர்ந்த திருகு முனையொன்றின் தடை சில்லின் தடையைக் காட்டிலும் பன்மடங்காக இருத்தல் கூடும். சில்லின்மேற் பொறிக்கப்பட்ட அம்பியர் அளவைத் திருகு முனையும் பலகையின் செப்புத் தடமும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவே, குறிக்கப்பட்ட எல்லைக்கு மிகவும் கீழாகவே தொடர்ந்து பயன்படுத்துதல் விவேகமாகும்.

பூச்சியம் எதனைக் கூறுகின்றது?

இணைத்த பின்னர் முதற்செயல், சுமை எதுவுமில்லாதபோது பயப்பை வாசித்துக் குறித்துக்கொள்வதாகும். வழங்கல் சற்றுக் குறைந்து 4.8 வோல்ற்றாயின் பூச்சியநிலையும் 2.4 வோல்ற்றாகும், அருகே காந்தமொன்று இருப்பினும் அது விலகும். 2.5 என்னும் எண்ணை ஏட்டிலிருந்து எடுத்து அப்படியே நம்புவது பிழையான அளவீட்டுக்கே இட்டுச்செல்லும்.

ஆடலோட்டத்தில் இதனினும் நுண்ணிய தவறொன்று நேரக்கூடும். 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம் 20 மில்லிசெக்கனில் ஒருமுறை முன்னும் பின்னும் சென்று மீள்கின்றது. பயப்பும் 2.5 வோல்ற்றுக்கு மேலும் கீழும் சமமாக ஆடுகின்றது. வாசிப்புகளின் சராசரியை மட்டும் எடுத்தால், சுற்றில் 10 அம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போதும் விடை பூச்சியமாகவே அமையும். ஆகவே முழு வட்டங்களுக்குப் பல வாசிப்புகளைப் பெற்று, ஒவ்வொன்றிலிருந்தும் பூச்சியநிலையைக் கழித்து, வர்க்கித்து, அவ்வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் காணுதல் வேண்டும்.

கணிப்புச் சரியாக அமைந்தாலுங்கூட, பூச்சியம் என்னும் விடையின் பொருளைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். ஓட்டமின்மை வேறு, அழுத்தமின்மை வேறு. விளக்கின் இழை அறுந்திருந்தால் ஓட்டம் பூச்சியமே. ஆயினும் உயிர்க்கம்பியும் அதனுடன் தொடர்புடைய திருகு முனைகளும் 230 வோல்ற்றிலேயே இருக்கும். திரையிற் பூச்சியத்தைக் கண்டு கையை நீட்டுபவருக்கு அக்கருவி எவ்வகையிலும் அபயமளிக்கவில்லை.

பிரிவின் எல்லை

இச்சில்லின் இரு பகுதிகளுக்குமிடையிலான காவலிடல் 2,100 வோல்ற்று ஆடலழுத்தத்தில் சோதிக்கப்படுவதாகத் தரவேடு கூறும். விற்பனையாளர் எடுத்துக்காட்டும் எண் இதுவே. ஆனால், அது குறுகிய நேரச் சோதனைக்குரியது, இடையறாத பயன்பாட்டுக்குரியதன்று. தொடர்ந்த பயன்பாட்டுக்குத் தரவேடு வேறு இரண்டு எண்களைத் தருகின்றது. அடிப்படைக் காவலிடலாகக் கொள்ளும்போது 354 வோல்ற்று உச்சம். வலிதாக்கிய காவலிடலாகக் கொள்ளும்போது 184 வோல்ற்று உச்சம். 230 வோல்ற்று எனப்படும் வீட்டு மின்வழங்கலின் உச்சப் பெறுமானம் ஏறத்தாழ 325 வோல்ற்று ஆகும். அஃது முதலெண்ணுக்குச் சற்றே கீழும் இரண்டாமெண்ணுக்கு மிக மேலும் உள்ளது. மனிதர் தொடக்கூடிய பகுதியொன்றை மின்வழங்கலிலிருந்து பிரிப்பதற்குத் தனியொரு அடிப்படைக் காவலிடல் போதியதாகக் கருதப்படுவதில்லை. எனவே, வீட்டு மின்வழங்கலை இப்பலகையால் அளந்துகொண்டு, கட்டுப்படுத்தியைக் கணினியுடன் கம்பியால் இணைத்து, அக்கணினியின் உலோகப் பகுதிகளைத் தொட்டுக்கொண்டிருப்பவர், சில்லின் உள்ளே உள்ள ஒரே தடுப்பை நம்பியே அமர்ந்திருக்கின்றார்.

மேலும், பிரிவு சில்லினுள்ளே மட்டுந்தான் உள்ளது. திருகு முனைகளும் பலகையின் அடிப்புறத்துப் பற்றாசுப் பொட்டுகளும் திறந்த நிலையில் மின்வழங்கலின் அழுத்தத்தில் இருக்கின்றன. மேசைமீது கிடக்கும் ஓர் உலோகத் துண்டோ ஈரமோ சில மில்லிமீற்றர் இடைவெளியைக் கடந்து இரு பகுதிகளையும் இணைத்துவிடக்கூடும். அத்தகைய பயன்பாடு தவிர்க்க முடியாததெனின், பலகை மூடிய காவலிப் பெட்டியினுள் இருத்தல் வேண்டும். செருகியைக் கழற்றிய பின்னரே அப்பெட்டியைத் திறத்தல் வேண்டும். ஆளியை மட்டும் நிறுத்துவது போதாது, ஆளி தவறுதலாக நொதுமற்கம்பியில் அமைந்திருக்கக்கூடும் ஆதலால்.

ஆடலோட்டத்தை அளப்பதற்குப் பெரும்பாலும் உகந்த வழி, காவலிடப்பட்ட உயிர்க்கம்பியை மட்டும் சூழ்ந்து பூட்டப்படும் ஓட்ட நிலைமாற்றியாகும். அங்கே சுற்றை அறுக்க வேண்டியதில்லை. வெற்றுக் கடத்தி எதுவும் வெளிப்படுவதில்லை. ஆயினும் அதன் துணைச்சுருள் ஒருபோதும் திறந்த நிலையில் விடப்படலாகாது. திறந்திருப்பின் அதன் முனைகளில் உயர் அழுத்தம் தோன்றும். சுமைத்தடையை முன்னரே இணைத்துவிட்டு அதன்பின் கம்பியிற் பூட்டுதல் வேண்டும்.

அளவீடும் காவலும்

இறுதியாக ஓர் ஒப்பீடு. ஆர்டுயினோ ஊனோ தனது 5 வோல்ற்று வீச்சை 1,024 படிகளாகப் பிரிக்கின்றது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ற்று. 30 அம்பியர் பலகையில் அஃது 74 மில்லி அம்பியருக்குச் சமம். 5 அம்பியர் பலகையில் 26 மில்லி அம்பியருக்குச் சமம். வீடுகளில் உயிர்காப்புக்காகப் பொருத்தப்படும் மீதியோட்டச் சுற்றுடைப்பான், அதாவது மக்கள் வழக்கிலுள்ள 'றிப் சுவிச்', வழக்கமாக 30 மில்லி அம்பியர் கசிவிலே சுற்றைத் துண்டிக்குமாறு அமைக்கப்படுகின்றது. அதனை மிஞ்சிய ஓட்டம் உடலினூடாகச் சிறிது நேரம் சென்றாலும் இதயத்தின் இயக்கம் குலையக்கூடும் என்பதே அவ்வெல்லைக்குக் காரணம். இதிலிருந்து புலனாவது யாது? மனிதரொருவரைக் கொல்லப் போதுமான ஓட்டம் 30 அம்பியர் பலகையின் ஒரு படியினுள்ளேயே அடங்கிவிடலாம். சுற்றில் ஏற்கெனவே ஓடும் பேரோட்டத்தின் நடுவே அதனை அப்பலகை வேறுபடுத்திக் காட்டமாட்டாது.

ஆகவே, இப்பலகை ஓர் அளவைக் கருவியேயன்றிக் காவற் கருவியன்று. மோட்டாரின் சுமை, மின்கலவடுக்கின் மின்னிறக்கம், சூரியக்கலத்தின் பயப்பு ஆகியவற்றை அறிய அது பெரிதும் துணைபுரியும். உருகியும் மீதியோட்டச் சுற்றுடைப்பானும் புவித்தொடுப்பும் செய்யும் பணியை அதனிடம் ஒப்படைத்தலாகாது. குறைந்த அழுத்த நேரோட்டச் சுற்றுகளிற் பயிற்சியைத் தொடங்குவதும், வீட்டு மின்வழங்கலை அளக்க நேரின் நிலைமாற்றியை நாடுவதும் தக்க ஒழுங்காகும். ஆய்வுகூடங்களிலும் திருத்தகங்களிலும் இப்பலகை வைக்கப்பட்டுள்ள இடத்திலேயே 354, 184, 325 என்னும் மூன்று எண்களும் அவற்றின் பொருளும் தமிழில் எழுதி ஒட்டப்படுமாயின், தரவேட்டுக்கும் கைக்கும் இடையிலான தூரம் அந்த அளவுக்கேனும் குறையும்.